பக்கத்து பெஞ்சுக்காரர் திடீரென்று பிடித்துப்போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். இருபதுகளில் இருப்பவர்கள் ஒரே பெஞ்சில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் இடம். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு "அக்கா, ஒரு சந்தேகம்" என்று யாராவது தயங்கி நின்றால், அது விகித சமமாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். முதலில் ஒரு பொருட்டாகவே தெரியாத ஆள் எப்படி இப்படி மனதில் வந்து உட்கார்ந்தார் என்பதைத்தான் ஆளாளுக்கு வேறு வேறு மாதிரி கேட்கிறார்கள்.

கேள்விகளை அவர்கள் பேசிய மாதிரியே போட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். ஆய்வுகள் என்று நான் சொல்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவற்றில் பாதி பொருந்தும், மீதியை நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரெண்டு வருசமா பக்கத்து பெஞ்சுதான்க்கா. ஒண்ணுமே தோணல. இப்ப அவன் லீவு போட்டா எனக்குக் கிளாஸே ஓட மாட்டேங்கு. என்ன ஆச்சு எனக்கு?

அந்த இரண்டு வருடம்தான் ஆச்சு. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஒன்றைக் காட்டினார். பொருளில்லாத சொற்கள், சீன எழுத்து போன்ற வடிவங்கள், முன்பின் தெரியாத முகங்கள், எதுவானாலும் சரி, திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே அதன்மேல் ஒரு சாய்வு வந்துவிடுகிறது. பேசவோ பழகவோ வேண்டியதில்லை.

1992இல் மோர்லேண்ட், பீச் என்ற இருவர் இதை வகுப்பறையிலேயே செய்து பார்த்தார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்களை ஒரு பெரிய கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் 15 தடவை, ஒருவர் 10, ஒருவர் 5, இன்னொருவர் போகவே இல்லை. யாரோடும் பேசக் கூடாது, வந்து உட்கார்ந்து எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான். பருவ முடிவில் மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டினால், அதிகத் தடவை வந்தவருக்கே கூடுதல் மதிப்பெண். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்றுகூடப் பெரும்பாலோருக்கு உறைக்கவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் செங்கோட்டை பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், 'இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமாக்கா?' என்பார்கள்.

அப்போ யாரா இருந்தாலும் தினமும் பாத்தா பிடிச்சிருமா? எங்க ஹாஸ்டல் வார்டனையும் தினமும்தான் பாக்கேன்.

பிடிக்காது. மேலே சொன்னது முதலில் பிடிப்பும் வெறுப்பும் இல்லாத ஆளுக்குத்தான். முதல் நாளே எரிச்சல் தந்தவரைத் தினமும் பார்த்தால் எரிச்சல்தான் வளரும். கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பில் கேட்டுப் பார்த்த 1976ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பிடித்தவர்கள் மட்டுமல்ல, பிடிக்காதவர்களும் பக்கத்து வீடுகளில்தான் இருந்தார்கள். வார்டன் விஷயத்தில் உங்கள் மனம் சரியாகத்தான் வேலை செய்கிறது.

"போயும் போயும் அவளா"ங்கானுவ. எனக்கு மட்டும் எப்படிக்கா அழகாத் தெரியுதா? கண்ணு கெட்டுப்போச்சா?

உங்கள் நண்பர்கள் முதல் நாள் பார்த்த பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்கள் போன செவ்வாய்க்கிழமை பார்த்த பெண்ணைப் பற்றி. பால் ஈஸ்ட்விக், லூசி ஹன்ட் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. வகுப்பு தொடங்கிய புதிதில் யார் அழகு, யார் சுமார் என்பதில் மாணவர்களுக்குள் ஓரளவு ஒற்றுமை இருந்தது. மாதங்கள் போகப்போக அந்த ஒற்றுமை குறைந்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவர் தனியாகத் தெரிய ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் இதே குழுவினர் 167 ஜோடிகளைப் பார்த்தார்கள். அறிமுகமான கொஞ்ச நாளிலேயே ஜோடி சேர்ந்தவர்கள் தோற்றத்தில் ஒருவருக்கொருவர் பொருத்தமாக இருந்தார்கள். நெடுநாள் தெரிந்து பிறகு சேர்ந்தவர்களிடம் அந்தப் பொருத்தம் குறைவு.

குணம் தெரிந்தால் முகமே வேறு மாதிரி தெரியும் என்பதையும் 2004இல் நிஃபின், வில்சன் என்ற இருவர் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஆளின் தோற்றத்துக்கு, பழகியவர் போடும் மதிப்பெண் ஒன்று, அறியாதவர் போடுவது வேறொன்று. சோம்பேறி என்று தெரிந்துவிட்டால் அழகும் குறைந்துவிடும், அது வேறு கதை.

'சுமார்' என்பது மூன்று நொடித் தீர்ப்பு. அதை மேல்முறையீட்டில் உடைத்திருக்கிறீர்கள். நண்பர்களுக்கு அந்த வழக்குக் கட்டே போய்ச் சேரவில்லை, அவர்களிடம் கோபப்பட்டு என்ன செய்வது?

எந்த நிமிசத்துல விழுந்தேன்னு யோசிச்சா ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு சின்ன விசயம். அதுக்குப் போயா இப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி இது, பதில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே வருகிறேன். யாரும் "அவன் பைக்கில் வந்த ஸ்டைல்" என்று சொன்னதில்லை.

ஒரு பெண் சொன்னது. நூலகத்தில் காலையில் பேப்பரைப் பிடிக்க அடிபிடி. ஆளுக்கொரு தாளை உருவிக்கொண்டு போய், வேலைவாய்ப்புப் பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு, கிடைத்த மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒருவர் மட்டும் மேசை மேசையாகப் போய் அந்தத் தாள்களைப் பொறுக்குவாராம். பக்க எண் பார்த்து அடுக்கி, நடு மடிப்பை உள்ளங்கையால் ஒருமுறை நீவி, பழையபடி ஸ்டாண்டில் வைப்பார். நூலகர் பார்க்கிறாரா என்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எத்தனையோ நாள் எதிரே உட்கார்ந்திருந்த ஆள். "அந்த மடிப்ப நீவுனாருல்லாக்கா, அதோட சோலி முடிஞ்சுது" என்றாள்.

இன்னொருவர் சொன்னது மறுவீட்டுப் பந்தியில். சொதிச் சாப்பாடு. பரிமாறிக்கொண்டிருந்த பெண் வகுப்புத் தோழிதான், பெரிதாகக் கவனித்ததில்லை. பல் இல்லாத ஒரு தாத்தா, சத்தத்தில் யாருக்கும் கேட்காமல், இஞ்சிப் பச்சடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் நாலு இலை தள்ளிப் போய்விட்டவள், வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பச்சடியை வைத்து, உருளைக்கிழங்கு வறுவலைக் கரண்டியாலேயே நசுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டிலும் அந்த ஆள் யாருக்காகவும் நடிக்கவில்லை. பெண் பார்க்கும் நாளிலும், ப்ரொஃபைல் படத்திலும், அவரவர் காட்ட நினைப்பதைத்தான் காட்டுவார்கள். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கும்போது ஒருவர் செய்வதுதான் நம்மை அசைக்கிறது. முன்னால் பார்த்த அத்தனை நாளும் வெறும் முகத்தைப் பார்த்தீர்கள், அன்றைக்குத்தான் ஆளைப் பார்த்தீர்கள். அதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். கையிலிருக்கும் ஆதாரத்திலேயே நல்ல ஆதாரம் அதுதான்.

எனக்கு அப்படியெல்லாம் இல்லக்கா. குத்தாலம் டூர் போனோம், வந்ததுலேர்ந்து இப்படி. இது நெசமா?

கொஞ்சம் பொறுங்கள். 1974இல் டட்டன், ஆரன் இருவரும் கனடாவில் கபிலானோ தொங்கு பாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆற்றுக்கு மேலே 230 அடி உயரத்தில் ஆடும் பாலம். அதைக் கடந்த ஆண்களிடம் ஒரு பெண் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். பக்கத்தில் ஆடாத, உயரம் குறைந்த பாலத்தைக் கடந்தவர்களிடமும் அதே மாதிரி. பிறகு கூப்பிட்டவர்களில் ஆடும் பாலத்துக்காரர்களே அதிகம். பயத்தில் அடித்த நெஞ்சை அந்தப் பெண்ணுக்காக அடித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஐந்தருவியில் தலையில் தண்ணீர் இடிக்க, சாரலில் நடுங்கி, பஸ்ஸில் பாட்டுப் போட்டு, ராத்திரி புரோட்டா சாப்பிட்டு வந்தால் யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். சீசன் முடியட்டும். அதே ஆளை வண்ணாரப்பேட்டையில் மத்தியான வெயிலில், பஸ் வராத கடுப்போடு நிற்கும்போது பாருங்கள். அப்போதும் பக்கத்தில் போய் நிற்கத் தோன்றினால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இது லவ்வா, இல்ல படிக்கப் போரடிக்கதுக்கு மனசு தேடிக்கிட்ட சோலியா?

இரண்டாவதும் அடிக்கடி நடக்கிறதுதான். தேர்வுத் தேதி அறிவித்த உடனே காதல் வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

டோரதி டென்னோவ் என்ற உளவியலாளர் 1979இல் இந்த நிலையை விரிவாக எழுதி, அதற்கு லிமரன்ஸ் என்று பெயரும் வைத்தார். கூப்பிடாமலே வந்து நிற்கும் நினைப்பு, அவர் ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தால் அதற்கு ஒரு நாள் முழுக்க அர்த்தம் தேடுவது, குறைகளையும் அழகாகவே பார்ப்பது. இதில் அவர் சொல்லும் முக்கியமான விஷயம், நிச்சயமின்மைதான் இதற்குத் தீனி. பிடித்திருக்கிறதா, இல்லையா என்று தெரியாதவரைதான் கொழுந்துவிட்டு எரியும்.

நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு, ஆய்வு எதுவும் இல்லை, என் சொந்தச் சரக்கு. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். அவர் எதற்குக் கோபப்படுவார், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பாரா, வீட்டில் யாரோடு பேச மாட்டார், தோற்றபோது என்ன செய்தார். தாள் நிறைந்தால் ஆளைப் பிடித்திருக்கிறது. 'கண்ணு, சிரிப்பு, நீலச் சட்டை' என்று மூன்றோடு நின்றுவிட்டால், அவரைப் பற்றிய உங்கள் கற்பனையைப் பிடித்திருக்கிறது. கற்பனையும் நன்றாகத்தான் இருக்கும், குரூப் 4 முடியும்வரை ஓரமாக வையுங்கள்.

எனக்கு இப்படி இருந்தா அவங்களுக்கும் கொஞ்சமாவது இருக்கும்லா? அவங்களும் என்னைத் தினமும் பாக்காங்கதானே?

முதல் பதிலைப் படித்துவிட்டு எல்லோரும் உடனே இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அவர் உங்களோடு சேர்த்து மற்ற நாற்பது பேரையும்தானே தினமும் பார்க்கிறார். நீங்கள் பேப்பர் மடிப்பைப் பார்த்த நொடி உங்களுக்கு நடந்தது. அவருக்கு அது வெறும் மதியம் ஒரு மணி.

ஆண்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 1982இல் அன்டோனியா ஏபி செய்த ஆய்வில், ஓர் ஆணும் பெண்ணும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஆண்கள், அந்தப் பெண்ணின் சிநேகமான பேச்சில் இல்லாத விருப்பத்தையும் சேர்த்துப் படித்தார்கள். உங்களிடம் நோட்டு வாங்கியவள் நோட்டு வாங்கியிருக்கிறாள்.

அவ என்னை அண்ணேன்னு கூப்பிடுதா. கதை முடிஞ்சுதா?

நம் பக்கத்தில் இதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கடைக்காரர் அண்ணாச்சி, கண்டக்டர் அண்ணே, பக்கத்து பெஞ்சுக்காரனும் அண்ணேதான். முதல் நாளிலிருந்தே அப்படிக் கூப்பிட்டால் அது மரியாதை, வேறொன்றும் இல்லை.

ஆனால் இத்தனை நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டவள், நீங்கள் பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்க ஆரம்பித்த பிறகு அண்ணே என்று மாற்றியிருந்தால், அது பதில். முகத்தில் அடித்த மாதிரி சொல்லாமல் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறாள். புரிந்துகொண்டு, நோட்டுக் கொடுப்பதை மட்டும் நிறுத்தாமல் இருங்கள்.

சொல்லிரலாமா? எப்படிச் சொல்ல?

தாள் நிறைந்தால் சொல்லலாம். நேரில், ஒரு தடவை, நாலு வாக்கியத்துக்குள். அவர் நினைத்தால் எழுந்து போக முடிகிற இடத்தில் சொல்லுங்கள். ஓடும் பஸ்ஸிலும், நிறைய பேர் முன்னாலும், தேர்வுக்கு முந்தின நாளும் வேண்டாம். நண்பன் வழியாகத் தூது விடாதீர்கள், பாதி நண்பர்கள் செய்தியைக் கெடுப்பார்கள், மீதிப் பேர் ஊருக்குச் சொல்வார்கள். அல்வா டப்பா, பரிசு எதுவும் வேண்டாம். அது பதிலுக்கு விலை பேசுவது போல ஆகிவிடும். "உடனே பதில் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே விட்டுவிடுங்கள்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பதில் வராததையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பின்னால் போவது, போனில் விடாமல் தொந்தரவு செய்வது எல்லாம் சினிமாவில்தான் முயற்சி. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கே 3 ஆண்டுவரை சிறை. அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

வீட்டுல பாத்த மாப்ள. வந்தாவ, கேசரி சாப்பிட்டாவ, போனாவ. எனக்கு ஒண்ணுமே தோணல. போகப்போகத் தோணும்னு மதினி சொல்லுதா. தோணுமா?

தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். உங்கள் மதினி சொல்வதில் பாதி சரி. ஒன்றுமே தோன்றாத நிலையிலிருந்து பிடித்தம் வளர இடமிருக்கிறது, முதல் பதில் அதைத்தான் சொல்கிறது. அரைமணி நேரம் நடுக்கூடத்தில் இருபது பேர் பார்க்க உட்கார்ந்திருந்த ஆளிடம் எதைக் கண்டுபிடித்துவிட முடியும்?

ஆனால் 'ஒன்றும் தோன்றவில்லை' வேறு, 'என்னவோ பிடிக்கவில்லை' வேறு. அவர் பேசியதில் ஏதோ ஒன்று உறுத்தியிருந்தால், வார்டன் பதிலைத் திரும்பப் படியுங்கள். கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று அதைத் தள்ளாதீர்கள். உறுத்தல் எதுவும் இல்லை என்றால், இன்னும் இரண்டு மூன்று தடவை பார்த்துப் பேச வேண்டும் என்று வீட்டில் தயங்காமல் கேளுங்கள். ஹோட்டலுக்குப் போனால், தண்ணீர் சிந்திய சர்வரிடம் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருசம். ஆபீஸ்ல ஒருத்தர், பாத்தா ஒரு விசேசமும் கிடையாது. இப்ப அவர் வார பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிக்கேன். நான் தப்பானவளாக்கா?

இல்லை. தினமும் எட்டு மணி நேரம் ஒரே அறை, ஒரே கோப்பு, ஒரே மேலதிகாரியின் திட்டு. முதல் பதிலில் சொன்ன எல்லாமே இங்கும் இருக்கிறது, தாலி பார்த்து அது விலகிப் போவதில்லை. தோன்றியதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதற்குப் பொறுப்பு உண்டு.

இந்த மாதிரிச் சமயத்தில் வீட்டுக் குறையை அவரிடம் சொல்வதை நிறுத்துங்கள் என்பேன். பெரும்பாலும் அங்கேதான் வாசல் திறக்கிறது. அவரிடம் கிடைப்பது என்ன என்றும் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு, "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்கிற ஒரு ஆள் கிடைத்திருந்தார். அது வீட்டில் எப்போது நின்றுபோனது என்று யோசித்தாள். வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது அதைத்தான், ஆபீஸ்காரரைப் பற்றி அல்ல. பேசியும் வீட்டில் ஒன்றும் மாறாவிட்டால் அது வேறு கேள்வி, அதற்கும் அந்த ஆபீஸ்காரரே பதில் என்று அவசரப்பட வேண்டாம்.

எல்லாம் சரிக்கா. ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஆளு வேற, ஊருக்குத் தெரிஞ்சா வெட்டிருவாவ.

இதற்கு உளவியல் பேசுவது அபத்தம். நம் மாவட்டத்தில் இந்தப் பயம் பொய்ப் பயமும் இல்லை. மனது எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஊருக்குத் தெரியும் முன் வேலையும் சான்றிதழ்களும் கையில் இருக்க வேண்டும். ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் எல்லாம் வீட்டு பீரோவில் இருந்தால் அதுதான் முதல் கவலை.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இருவரும் இந்துக்கள் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை, சாதியும் தடையில்லை. மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஆனால் அதில் 30 நாள் முன்னறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மிரட்டல் இருப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட ஊர்ப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. மாவட்டம்தோறும் எஸ்.பி., சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவு அமைக்கவும் உத்தரவிட்டது. போலீஸில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். பெண்களுக்கு 181 எண் எந்நேரமும் உண்டு.

'பேசிப் பார்க்கலாம் வா' என்று வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், தனியாகப் போகாதீர்கள். அழைப்பது எவ்வளவு பாசமான சித்தப்பாவாக இருந்தாலும் சரி.

எனக்கு அவரு வேண்டாம்னு சொல்லிட்டாரு. மறக்கணும். ஆனா தினமும் அதே கிளாஸ், அதே பஸ்ஸு. எப்படி மறக்க?

வந்த வழியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். பார்த்துப் பார்த்து வந்தது, பார்ப்பதைக் குறைத்தால்தான் குறையும். பஸ்ஸை மாற்றுங்கள், ரயில் என்றால் பெட்டியை மாற்றுங்கள், நூலகத்தில் முதுகு காட்டும் மேசைக்குப் போங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பதும் பார்ப்பதுதான், அதை மியூட் செய்யுங்கள். ஒரு நல்ல விஷயம், நிச்சயமின்மை போய்விட்டது. லிமரன்ஸ் பதிலில் சொன்ன தீனி இனி அதற்குக் கிடையாது. கொஞ்ச நாள் சும்மா கிடந்து உறுமும், சாப்பாடு இறங்காது, பிறகு அடங்கும்.

வகுப்புதான் சிக்கல் என்றால் என்னிடம் வந்து பேட்ச் மாற்றக் கேளுங்கள், காரணம் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேட்ச் நிரம்பிவிட்டது, சாயங்கால பேட்ச்சில் இடம் இருக்கிறது.